சராசரிக்கு அடங்காத காற்று

கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற வாரம் நமக்குக் கிடைத்தது. பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் முக்கியமான பகுதியை மட்டும் கீழே தருகிறோம்.

“ஐயா, கடந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் பின்னிரவில் எங்கள் லயத்தின் கூரையிலிருந்து ஏழு தகரங்கள் காற்றோடு போய்விட்டன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லயத்தின் மறு கோடியிலுள்ள வீட்டு இஸ்தோப்பில் விடியும்வரை நின்றோம். முதல் நாள் மாலை வானொலியில் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசும் என்றுதான் சொன்னார்கள். அவ்வளவு காற்று எங்களுக்குப் பழக்கமானதுதான். நூறு யார் கீழே இன்னொரு லயம் இருக்கிறது. அங்கே ஒரு தகரமும் அசையவில்லை. அவர்கள் செய்த புண்ணியம் என்ன, நாங்கள் செய்த பாவம் என்ன? அடுத்த காற்றுக் காலத்துக்கு முன் கூரைமேல் கல் ஏற்றினால் போதும் என்கிறார்கள். அது சரியா? இன்னொரு சந்தேகமும் உண்டு. ஒரே நாளில், ஒரே மலையில், கொழுந்து பறிக்கும்போது ஒரு மூலையில் உடம்பு விறைக்கிறது. இருபது நிரை தள்ளி நின்றால் வியர்க்கிறது. சீதோஷ்ணம் ஒன்றுதானே? இதற்கெல்லாம் கணக்கு உண்டா?”

பாவ புண்ணியக் கணக்கை எழுதுபவன் வேறொருவன். காற்றின் கணக்கை மனிதர் ஓரளவு கற்றிருக்கின்றனர். சகோதரியின் கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் விடை உண்டு. அந்த விடை ஒரு லயத்தின் கூரையோடு நின்றுவிடவும் இல்லை. இனி மலைநாட்டில் வீடு எங்கே கட்டுவது என்ற பெரிய கேள்விவரை அது செல்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையோடு படிக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்று விநாடிக் காற்று

ஐம்பது கிலோமீற்றர் காற்று கூரையைத் தூக்குமா என்பது முதற் கேள்வி. வானிலை அறிவிப்பில் காற்றின் வேகம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சராசரியாகும். பத்து நிமிட நேரம் வீசிய காற்றை அளந்து அதன் சராசரியைக் காண்பது உலக வானிலை நிறுவனத்தின் வழக்கம். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் காற்று ஒரே சீராக வீசுவதில்லை. சில கணம் தணிகிறது. சில கணம் சீறுகிறது. அவ்வாறு சீறி வரும் காற்றை மூன்று விநாடிக்குக் கணக்கிட்டு, அதனைத் திடீர்வீச்சு என வேறாகக் குறிப்பர். திறந்த கடலின் மேல் திடீர்வீச்சு சராசரியைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். மேடும் பள்ளமும் மரமும் கட்டடமும் நிறைந்த தரையில் அது ஒன்றரை மடங்காகும். சில வேளைகளில் இரு மடங்கையும் எட்டும்.

வருடச் செலவின் சராசரியைச் சொல்லிக் கடன்காரனைத் திருப்பி அனுப்ப இயலுமா? அவன் வாசலில் வந்து நிற்கும் நாளில் கையில் என்ன இருக்கிறது என்பதே அல்லவா கேள்வி? கூரையின் நிலையும் அதுவே. அது சராசரிக் காற்றுக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. மூன்று விநாடி சீறி வரும் காற்றுக்குப் பதில் சொல்லவேண்டும்.

இங்கே இன்னொரு கணக்கையும் நினைவில் கொள்ளவேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. எட்டடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள ஒரு தகரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை பத்துக் கிலோகிராமும் தேறாது. மணிக்கு 54 கிலோமீற்றர் வேகக் காற்று அதன்மேல் ஏறத்தாழ 25 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். அதே காற்று ஒரு கணம் 108 கிலோமீற்றராகச் சீறினால் விசை ஏறத்தாழ 100 கிலோகிராம் ஆகிறது. ஒரு மூட்டை அரிசியையும் அதன்மேல் ஒரு மூட்டை மாவையும் தூக்கிப்போடும் பலம் அது. வானொலி சொன்னதும் பொய்யன்று. சகோதரி கண்டதும் பொய்யன்று. ஒன்று சராசரி, மற்றையது திடீர்வீச்சு.

ஐந்து கண்ணிகள்

நம் முன்னோர் வரும் திசையைக் கொண்டு காற்றுக்குப் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கடலோடிகளுக்குத் திசை மட்டும் போதவில்லை. ஆங்கிலக் கடற்படை அதிகாரியான போபோர்ட் என்பவர் 1805-ஆம் ஆண்டில் காற்றின் வலிமையைச் சுழியம் முதல் பன்னிரண்டுவரை வகுத்து ஓர் அளவு வகை செய்தார். கட்டடம் கட்டுவோருக்கு அதுவும் போதவில்லை. ஒரு காற்று ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின்மேல் எவ்வாறு விட்டுவிட்டு மோதும் என்பதை அவர்கள் அறியவேண்டியிருந்தது.

அந்த வழியைக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அலன் டவன்போர்ட். இவர் 1932-ஆம் ஆண்டில் சென்னை மாநகரிலே பிறந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பின்னாளில் கனடாவில் வாழ்ந்து, அங்குள்ள மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் 1965-ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கான காற்றுச் சுரங்க ஆய்வுகூடத்தை நிறுவினார். நியூயோர்க்கில் எழுந்த இரட்டைக் கோபுரங்களுக்கான காற்றாய்விலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 2009-ஆம் ஆண்டில் காலமானார்.

காற்றினால் ஒரு கட்டடத்துக்கு நேரும் கதியை அவர் ஐந்து கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாகக் கண்டார். அவ்விடத்துக் காலநிலை, நிலத்தரையின் அமைப்பு, கட்டடத்தின் வடிவம், காற்றில் அது அசையும் விதம், எவ்வளவைத் தாங்கவேண்டும் என்று நாம் வகுக்கும் அளவுகோல் ஆகியவையே அவை. சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணியின் பலமே. எந்தக் கண்ணியை மறந்தாலும் கணக்குப் பிழைக்கும். அச்சங்கிலியைக் கொத்மலை லயத்துக்குக் கொண்டுவருவோம்.

மேல் லயமும் கீழ் லயமும்

முதற் கண்ணி காலநிலை. வைகாசி பிற்பகுதி முதல் புரட்டாதிவரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மோதி ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. இறம்பொடை மலைத்தொடரையும், 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலையையும் தாண்டியபின் ஈரமிழந்து, வெப்பமேறி ஊவாப் பக்கம் இறங்குகிறது. அதற்கும் அப்பால் மட்டக்களப்பில் அதே காற்று கச்சான் என்ற பெயரோடு வெயிலையும் சேர்த்துச் சுடுகிறது. ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுத்து உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருவது இந்தக் காற்றே. மலையின் இந்தப் பக்கத்தில் கொத்மலைப் பள்ளத்தாக்கில் கூரையைப் பறிப்பதும் இதுவே.

இரண்டாம் கண்ணி நிலத்தரை. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஒடுங்கிய வாய்க்காலில் ஓடும் நீர் விரைவது போல, மலைமுகட்டைத் தாண்டும் காற்றும் நெருக்குண்டு விரைகிறது. ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஒன்றில் அஸ்கர்வெயின் என்ற சிறு குன்று உண்டு. சுற்றுத் தரையிலிருந்து அதன் உயரம் 116 மீற்றரே. 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் பல நாட்டு விஞ்ஞானிகள் அக்குன்று நெடுகக் கம்பங்களை நட்டு, காற்றை அளந்தனர். திறந்த தரையில் வீசிய காற்றைவிட, குன்றின் உச்சியில் பத்து மீற்றர் உயரத்தில் வீசிய காற்று ஏறத்தாழ 80 வீதம் கூடுதலாயிருந்தது. விசையின் கணக்கில் பார்த்தால் அது மூன்று மடங்குக்கும் மேலாகும்.

116 மீற்றர்க் குன்றே அவ்வாறு செய்யுமானால், 703 மீற்றர் மட்டத்தில் நிற்கும் கொத்மலை நீர்த்தேக்கத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து செல்லும் நம் மலைகள் என்ன செய்யா? சகோதரியின் லயம் முகட்டின் தோளில் நிற்பதாகவும், கீழ் லயம் ஒரு மடிப்புக்குள் ஒதுங்கி நிற்பதாகவும் கடிதத்தின் இன்னொரு பகுதியிலிருந்து தெரிகிறது. நூறு யார் என்பது நடப்பவருக்குச் சிறிய தூரம். காற்றுக்கு அது வேறோர் ஊர்.

ஆனால் மறைவுப் பக்கமெல்லாம் எப்போதும் காவலென்று எண்ணிவிடலாகாது. செங்குத்தான முகட்டைத் தாண்டிய காற்று சில இடங்களில் தரையைவிட்டுப் பிரிந்து, சுழன்று, எதிர்ப்புறமாகத் திரும்பியும் அடிக்கும். மலைநாட்டில் ஒரே இரவில் இரு திசைக் காற்றைக் கண்டதாக முதியோர் சொல்வது வெறுங்கதையன்று.

மூன்றாம் கண்ணி வடிவம். காற்று கூரையை மேலிருந்து அழுத்துமென்றே பலரும் நினைக்கின்றனர். சரிவு குறைந்த கூரையின்மேல் விரைந்தோடும் காற்று அதனை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அவ்வுறிஞ்சல் நடுப்பகுதியைவிட முகட்டிலும், ஓரங்களிலும், மூலைகளிலும் மிகக் கடுமையானது. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தாலோ, வீட்டுக்குள் புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளுகிறது. மேலே இழுப்பவன் ஒருவன், கீழே தள்ளுபவன் ஒருவன் என்றானபின் இடையிலுள்ள ஆணி என்ன செய்யும்?

நான்காம் கண்ணி அசைவு. இதற்கு ஒரு பெரும் பாடம் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் கிடைத்தது. 1974-ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அந்நகரை ட்ரேசி என்னும் புயல் தாக்கிற்று. வீடுகளிற் பெரும்பாலானவை அழிந்தன. பின்னர் ஆராய்ந்தவர்கள், தகரக் கூரைகள் பல ஒரே மோதலில் பிய்ந்துபோகவில்லை என்று கண்டனர். காற்று விட்டுவிட்டு இழுக்க இழுக்க, திருகாணியைச் சுற்றிய தகரம் களைத்து, வெடித்து, துளை பெருத்து, கடைசியில் ஆணி இருந்த இடத்திலேயே இருக்கத் தகரம் மட்டும் கழன்றது. ஆகவே “இருபது வருடமாக இந்தக் கூரை நின்றதே” என்பது ஆறுதலாகாது. இருபது வருடம் கடகடவென்று ஆடிய தகரம் இருபது வருடம் களைத்த தகரம்.

கல் காவலாகுமா?

இப்போது சகோதரியின் கல்லுக்கு வருவோம். ஒரு தகரத்தைத் தூக்க வருவது 100 கிலோகிராம் விசை என்றோம். அதன்மேல் நாம் வைக்கும் கல் பத்துக் கிலோகிராம் இருக்கலாம். அக்கல் தகரம் கடகடப்பதைக் குறைக்கும், தூக்கம் கெடாமல் காக்கும், கூரையைக் காக்காது. தகரம் கிளம்பும் இரவில் அது பிள்ளைகள் படுத்திருக்கும் பாயின்மேல் விழும். ஆகையால் கல்லை நாம் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டோம்.

காவல் பாரத்தில் இல்லை, பிணைப்பில் இருக்கிறது. தகரம் சலாகையோடும், சலாகை கைமரத்தோடும், கைமரம் சுவர் வளையோடும், வளை சுவரோடும் பிணைந்திருக்கவேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை வீண். சாதாரண ஆணிக்குப் பதிலாகத் திருகாணியும், அதன்கீழ் அகன்ற வாஷரும் வேண்டும். முகட்டிலும் ஓரத்திலும் மூலையிலும் அவற்றை நெருக்கமாக இடவேண்டும். கைமரத்தையும் வளையையும் இரும்புப் பட்டையால் இறுக்கவேண்டும். காற்று அடிக்கும் இரவில், காற்று வரும் பக்கக் கதவையும் சன்னலையும் இறுகச் சாத்தவேண்டும். புதிதாகக் கட்டுவோர் நாற்புறமும் சரியும் கூரையை அமைத்தால், இருபுறச் சரிவுக் கூரையைவிட அது காற்றை நன்கு தாங்கும்.

இவ்வளவையும் எழுதும்போது நமக்கு ஒரு கூச்சம் ஏற்படுகிறது. லயம் அதில் குடியிருப்போருக்குச் சொந்தமானதன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவருக்கு அக்கூரையில் ஒரு திருகாணி ஏற்றும் உரிமையும் சந்தேகமாயிருக்கையில், அவருக்கு உபதேசம் செய்வது எளிது. சொந்தக் காணியும் சொந்தக் கூரையும் இருந்தாலன்றி இந்தக் கணக்கு முழுப் பயன் தராது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

ஐந்தாம் கண்ணியாகிய அளவுகோல் நம் நாட்டில் துயரத்திலிருந்து பிறந்தது. 1978-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளிக்குப் பின், 1980-ஆம் ஆண்டில் கடுங்காற்றுக்கேற்பக் கட்டடம் அமைப்பதற்கான வழிகாட்டி நூலொன்றை அரசாங்கம் வெளியிட்டது. நாட்டை அது மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை கடுமையான முதலாம் வலயம். மலைநாடு மூன்றாம் வலயத்திலே அடங்கிற்று. சூறாவளியை நினைத்துப் பிரித்த பிரிவு என்ற அளவில் அது நியாயமே. ஆயினும் மூன்றாம் வலயம் என்ற பெயர் மலைமுகட்டில் நிற்பவருக்குப் பொய்யான தைரியத்தைத் தரலாகாது. வலயம் முதற் கண்ணியை மட்டுமே சொல்கிறது. முகடு என்பது இரண்டாம் கண்ணி.

வெப்பமானி சொல்லாத குளிர்

கொழுந்து மலையில் ஒரு மூலையில் விறைப்பதும் மறு மூலையில் வியர்ப்பதும் ஏன்? வெப்பமானி காற்றின் வெப்பநிலையை மட்டுமே காட்டுகிறது. உடம்பு ஒன்றை மட்டும் உணர்வதில்லை. காற்றின் வெப்பநிலை, ஈரப்பதன், காற்றோட்டம், வெயிலிலிருந்தும் சுற்றியுள்ள பொருள்களிலிருந்தும் வரும் கதிர்வெப்பம் ஆகிய நான்கையும் உணர்கிறது. அவற்றோடு நாம் அணிந்த உடையும் செய்யும் உழைப்பும் சேரவேண்டும். டென்மார்க்கு நாட்டு அறிஞர் பாங்கர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்த ஆறையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார்.

நம் தோலை ஒட்டி எப்போதும் வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றுப் போர்வை இருக்கிறது. காற்று வீசும்போது அப்போர்வை உரியப்படுகிறது. சைப்பிள், பசல் என்ற இரு அமெரிக்கர் தென்துருவப் பகுதியில் சிறு குப்பிகளில் நீரை நிரப்பி, வெவ்வேறு காற்றில் அது எவ்வளவு விரைவில் உறைகிறது என்று பார்த்து, காற்றின் குளிரை முதன்முதலில் அளந்தனர். நம் மலையில் நீர் உறையவேண்டியதில்லை. நனைந்த உடையே போதும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். நனைந்த கம்பளியிலும் படங்கிலும் தேங்கிய அரை லீற்றர் நீர் காற்றில் உலர்வதற்கு வேண்டிய வெப்பத்தைக் கொண்டு, மூன்றரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வெப்பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது உடுத்தியிருப்பவரின் உடம்பு. முகட்டு மூலையில் நிற்பவர் இந்த வரியைக் கட்டுகிறார். மடிப்புக்குள் வெயிலில் நிற்பவர் கட்டுவதில்லை.

கொழும்பில் நிலைமை நேர்மாறு. அந்நகரின் தெருக்களை அளந்து இம்மானுவேல், யொகான்சன் என்ற இரு ஆய்வாளர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகள், நிழலும் கடற்காற்றுமே அங்கு தெருவில் நடப்பவரைக் காப்பவை என்று காட்டின. கொழும்பில் காற்று விருந்தாளி. கொத்மலையில் அவனே சில மாதம் விருந்தாளி, சில மாதம் கொள்ளைக்காரன். ஆகையால் கொழும்புக்கு எழுதிய மருந்துச் சீட்டைக் கொத்மலைக்குக் கொடுக்கலாகாது.

வீட்டுக்கு வெளியே எவ்வளவு காற்று தாங்கத்தக்கது என்பதற்கும் அளவு உண்டு. இங்கிலாந்தின் பென்வார்டன் 1973-ஆம் ஆண்டில் அதனை வகுத்தார். விநாடிக்கு 5 மீற்றரில் சங்கடம் தொடங்குகிறது. 10 மீற்றரில் அது தெளிவான துன்பம். 20 மீற்றரில் ஆபத்து. அந்நாட்டின் லீட்ஸ் நகரில் உயர்ந்த கோபுரக் கட்டடமொன்றின் அடியில் 2011-ஆம் ஆண்டில் காற்று ஒரு லொறியையே கவிழ்க்க, நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தார். லண்டன் நகரத்தின் நடுப்பகுதியில் 2019-ஆம் ஆண்டிலிருந்து, பெருங்கட்டடம் எழுப்ப விரும்புவோர் தெருவில் நடப்பவருக்கு நேரும் காற்றையும் கணக்கிட்டுக் காட்டுவதற்கு வழிகாட்டு விதிகள் உண்டு. அவர்களுக்குக் கோபுரம் செய்வதை நமக்கு மலை செய்கிறது. பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா, பாடசாலை முற்றம், பஸ் தரிப்பிடம் ஆகியவற்றை அமைக்கும் முன் இதே கேள்வியை நாமும் கேட்கலாமல்லவா?

மாற்றும் எளியது. காற்றுக்குக் குறுக்கே வளர்த்த மரவேலி, தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை நல்ல ஒதுக்கிடம் தரும். அடைத்த மதிலைவிடப் பாதி காற்றை விட்டுவிடும் வேலியே சிறந்தது. மதில் காற்றைத் திகைக்கவைத்து மறுபுறம் சுழலச் செய்கிறது. வேலி அதனைச் சலித்து அனுப்புகிறது.

கணினிக்குத் தெரியாத மலை

“இவற்றையெல்லாம் முன்கூட்டிக் கணிக்க முடியாதா?” என்று நேயர்கள் கேட்கலாம். முடியும்; ஆனால் படிப்படியாகத்தான். உலகம் முழுவதற்கும் வானிலையைக் கணிக்கும் கணினிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. மிகச் சிறந்தவற்றுள் ஒன்றான ஐரோப்பியக் கணிப்பின் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அந்த ஒரே கட்டத்துக்குள் கொத்மலையின் நீர்ப்பரப்பும், பள்ளமும், முகடும், இரு லயங்களும் அடங்கிவிடும். கணினி அங்கே மலையைக் காண்பதில்லை. மலையின் சராசரியைக் காண்கிறது. ஆகவே ஆராய்வோர் பெரிய கட்டத்தின் விடையை எடுத்து, அதற்குள் சிறு கட்டங்களை வகுத்து, கடைசியில் சில மீற்றர்க் கட்டத்தில் ஒரு சரிவையோ ஒரு தெருவையோ தனியே கணக்கிடுகின்றனர். அல்லது மாதிரி உருச் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைக்கின்றனர். அவ்வாறு வந்த விடை சரியா என்று பார்ப்பதற்குத் தரையில் அளந்த உண்மை வேண்டும்.

அந்த உண்மை நம்மிடம் இருக்கிறது. ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்த மரங்களைப் பார்த்தே ஓரிடத்துக் காற்றை மதிப்பிடும் முறை விஞ்ஞானத்தில் உண்டு. எந்த ஆண்டில், எந்த லயத்தில், எத்தனை தகரம், எத்திசைக் காற்றில் போயிற்று என்பதை முதியோர் சொல்லுவர். பாடசாலை மாணவர் அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். 1989-ஆம் ஆண்டில் கொத்மலையில் தொடங்கிய சமூக வானொலி, 1999-ஆம் ஆண்டளவில் கிராமத்தார் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பி உலகின் கவனத்தைப் பெற்றது. உலக அறிவை இந்தப் பள்ளத்தாக்கு அன்று கேட்டு வாங்கிற்று. பள்ளத்தாக்கின் அறிவை உலகுக்குக் கொடுப்பதும் இயலாத காரியமன்று.

வீட்டுக்கு இடம் பார்ப்போர் கவனிக்க

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மலைநாட்டில் கொன்றது பெரும்பாலும் மண்சரிவே. அதன்பின் மலைநாட்டில் வீடு பற்றிப் பேசுவோர் அனைவரும் மண்ணைப் பற்றியே பேசுகின்றனர். மிகவும் சரி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையின்றி யாரும் அடிக்கல் நாட்டலாகாது.

ஆனால் மண் சரியாத இடம் எது? பல வேளைகளில் அது பள்ளத்தைவிட்டு விலகிய முகடும், அகன்ற மேட்டு நிலமும் ஆகும். காற்று மிகக் கடுமையாக வீசும் இடமும் அதுவே. மண்ணுக்கு அஞ்சி மேலேறியவர் காற்றின் வாயில் போய் நிற்கக்கூடும். அதற்காக மண்ணின் அபாயத்துக்குத் திரும்பிவருவது அறிவீனம். மேலேதான் இருக்கவேண்டுமென்றால், அந்த இடத்துக்கேற்ற கூரையும், பிணைப்பும், மரவேலியும் வீட்டின் வரைபடத்திலேயே இருக்கவேண்டும். இந்திய உதவியில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழுந்தபோது மலையக மக்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் அறிவோம். அத்தகைய வீடு ஒவ்வொன்றுக்கும் மண் அறிக்கையோடு காற்றுக் குறிப்பொன்றும் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அதற்குப் பெருஞ்செலவில்லை. வீடு முடிந்தபின் தகரம் தேடி ஓடும் செலவே பெரிது.

சகோதரிக்கு இறுதியாக ஒன்று. தங்கள் லயத்தார் பாவமும் செய்யவில்லை. கீழ் லயத்தார் தனிப் புண்ணியமும் செய்யவில்லை. “மேலே ஏழு தகரம் போயிற்று, கீழே ஒன்றும் போகவில்லை” என்று தாங்கள் எழுதிய அந்த வரி, எந்தக் கணினியிலும் இல்லாத ஓர் அளவீடு. அதை ஒரு கொப்பியில் எழுதி, திகதியும் காற்று வந்த திசையும் சேர்த்து, பிள்ளைகள் கையில் கொடுங்கள். வைகாசிக்கு முன் ஒரு நாள் பகலில், ஏணியில் ஏறத் தெரிந்த ஒருவரைக் கொண்டு மூலைத் தகரங்களின் ஆணிகளை ஆட்டிப் பார்க்கச் செய்யுங்கள். ஆடுகிறவை எவையென்று எழுதி, லயத்தார் அனைவரும் கையொப்பமிட்டு, பொறுப்பானவர்களிடம் கொடுங்கள். கூரைமேலுள்ள கல்லை மட்டும் இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.